முகத்தைப் பாக்காதீங்க பாய், ஸ்கிரீனைப் பாருங்க

“…அதுக்கு நான் என்னம்மா செய்ய? கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லாது. நீங்கதான் நடுவுல டீ குடிக்க எந்திரிச்சுப் போயிருப்பிய!”

ஸ்ரீவில்லிபுத்தூர் கிளினிக் ஒன்றில் கம்பவுண்டர் காசிம் பாய் இப்படிச் சொன்னது, ஒன்பதாம் நம்பர் டோக்கன் வைத்திருந்த ஒரு பெண்ணிடம். சுந்தரபாண்டியத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர். தோளில், காய்ச்சலில் துவண்டுபோன நாலு வயசுப் பையன். வாய்தான் பாயுடையது, பேச்சு முழுக்க என்னுடையது. ஒரு வாரமாக அவருக்கு நான் ஓதி ஓதிக் கொடுத்தது.

அது தொண்ணூறுகளின் கடைசி. ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். ஜாவாஸ்கிரிப்டைப் புத்தகம் பார்த்துத் தானாகவே படித்தவன். தானாகப் படித்தவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு: தனக்கு எது தெரியாது என்று சொல்ல ஆளே இருக்காது.

அந்தக் கிளினிக் டாக்டரம்மாவிடம் நானாகப் போய், டோக்கன் கூப்பிட ஒரு புரோகிராம் எழுதித் தருகிறேன் என்றேன். (யாரும் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.) அதுவரை பாய் தகர டோக்கன் கொடுத்து, முகம் பார்த்துத்தான் ஆளை விடுவார். “இந்தப் புள்ளைக்குக் கண்ணு சொருகுது, செத்த வழி விடுங்கய்யா” என்றால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். எனக்கு அது ஒழுங்கீனமாகப் பட்டது. “முகத்தைப் பாக்காதீங்க பாய், ஸ்கிரீனைப் பாருங்க” என்றேன்.

என் புரோகிராமில் ஒரு பட்டன், ஒரு நம்பர் பக்கம். நம்பர் பக்கம் திறந்ததும், “பட்டனை அமுக்கினா எனக்குச் சொல்லு” என்று பட்டனிடம் பேர் கொடுத்து வைக்கும். அமுக்கினால் நம்பரில் ஒன்று கூட்டும். அந்தப் பக்கத்தை மூடும்போது பேரை அடித்துவிட வேண்டும். அதுதான் எனக்குத் தெரியாது. வீட்டைக் காலி செய்தவன் பால்காரரிடம் சொல்லாமல் போனால் என்ன ஆகும்? வாசலில் பால் வந்துகொண்டே இருக்கும். மூடிய பக்கம் ஒவ்வொன்றும் அப்படித்தான், போன பிறகும் தன் பங்குக்கு ஒன்று கூட்டிக்கொண்டே இருந்தது.

அன்று எட்டாம் நம்பர் வரை ராஜநடை. “ஏலே, நம்பர் எம்புட்டுப் பெருசா வருது பாரு!” என்று நோயாளிகள் நோயையே மறந்தார்கள். தளவாய்புரத்துப் பெரியவர் ஒருவர், “தம்பி, ஸ்கிரீன்ல நம்பர் பக்கம் தொறக்கும்போது பூ விரியுதே, அதை இன்னொருக்கக் காட்டுங்க” என்றார். மூடித் திறந்து காட்டினேன். இன்னொருவர் கேட்டார். அவருக்கும் மூடித் திறந்தேன். ஆக, பட்டனிடம் இப்போது மூன்று பேர் பதிவு. ஒரு தடவை அமுக்கினால் மூன்று கூடும்.

எட்டுக்கு அடுத்து பதினொண்ணு வந்தது. பதினொண்ணாம் நம்பர்காரர் துள்ளி உள்ளே ஓடினார். அதிர்ஷ்டம் அடித்தவன் கணக்கா கேட்பான்? பத்தாம் நம்பர்காரர், தான் கண்ணயர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். அடுத்து பதினாலு. அப்போதுதான் அந்தப் பெண் எழுந்து வந்து கேட்டார். பாய் அந்த டீப் பேச்சைப் பேசினார்.

“டீயா? அசைஞ்சா நம்பர் போயிருமோன்னு புள்ளைக்குத் தண்ணி வாங்கக்கூட எந்திரிக்கலையேய்யா. பன்னெண்டு மணிக்கு டாக்டரம்மா ராஜபாளையம் போயிருவாவளாம்ல?”

மணி பதினொண்ணே முக்கால். பாய் என்னைப் பார்த்தார். “என்ன தம்பி?” என்றபடியே பட்டனை அமுக்கினார். பதினேழு வந்தது.

நம்பர் மூன்று மூன்றாகத் தாவுகிறது, தப்பு என் புரோகிராமில்தான் என்று எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. சுற்றிலும் அத்தனை பேர், அரை மணிக்கு முன்னால் என்னை மந்திரவாதி மாதிரி பார்த்தவர்கள். சொன்னேன்:

“வரிசைப்படிதான் பாய் வருது.”

அந்தப் பெண் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். திரும்பிப் போய் உட்கார்ந்து, பையனின் காய்ந்த உதட்டை முந்தானையால் துடைத்தார். தப்பு தன்னுடையதுதானோ என்று அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

“பாய்… ஒன்பதை அது கூப்பிடவே இல்ல. நான் எழுதுனது தப்பு.”

அந்தப் பொய் ரெண்டு நிமிஷம் உயிரோடு இருந்திருக்கும். பையன் ஊசி போட்டுக்கொண்டு, கையில் பிஸ்கட்டோடு வெளியே வந்தான், நல்லவேளை. பேரை அடிக்கும் ஒரே ஒரு வரியைப் பிறகு கற்றுக்கொண்டேன். வீட்டில் இன்றைக்கும் நான் எதையாவது அடித்துச் சொன்னால், என் மகள், “வரிசைப்படிதானேப்பா வருது?” என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கொஞ்சம் தாமதமாக.

சிரிக்கும்போது கண்ணுக்குள் வருவது பாய்தான். நான் தப்பை ஒப்புக்கொண்டதும் அவர் என்னைத் திட்டவில்லை. நேரே அந்தப் பெண்ணிடம் போனார். “டீ குடிக்கப் போனியன்னு சொல்லிட்டேனே தாயி, மனசுல வச்சுக்காதிய” என்று பையனை வாங்கித் தோளில் போட்டு, டாக்டரம்மா அறைக்குள் கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து, தன் நாற்காலியை ஸ்கிரீனுக்கு முதுகு காட்டுகிற மாதிரி இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகப் பார்க்கத் தொடங்கினார்.