நாட்டின் வாக்கை நான் காப்பாற்றிய லட்சணம்

பிள்ளைகளா, வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்றாலே உங்கள் அப்பாவுக்குப் புத்தி கொஞ்சம் தடம் மாறிவிடும். நீங்கள் கேலி செய்கிற பிரிட்ஜ் கதையும் அப்படி வந்ததுதான். அன்றைக்கு நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். அதனால் முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

உலக நாடுகள் எல்லாம் கூடி, வறுமையை ஒழிப்போம், எல்லோருக்கும் நல்ல தண்ணீர் கொடுப்போம், மண்ணையும் மரத்தையும் கெடுக்காமல் முன்னேறுவோம் என்று வாக்குக் கொடுத்திருக்கின்றன. அது எந்த அளவுக்கு நடந்திருக்கிறது என்று பார்க்க ஒரு குழு ஆண்டிமடம் பக்கம் வந்தது. எங்கள் தெருவில் என் வீட்டைப் பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பெண் பார்க்க வருகிறவர்களை வரவேற்கிற முறைதான். (உங்கள் அத்தையைப் பார்க்க வந்தபோது நாற்காலி, டம்ளர், ஃபேன் எல்லாம் தெருவே இரவல் கொடுத்தது. நம் பக்கம் அது வழக்கம்தானே!) நாடு உலகத்துக்கே வாக்குக் கொடுத்துவிட்டு, என் வீட்டில் வந்தா தலைகுனிவது? எதிர்வீட்டு மல்லிகாவின் பிரிட்ஜைத் தூக்கி வந்தேன். பின்வீட்டிலிருந்து தண்ணீர் ஃபில்டர். வீட்டில் இருந்த குடங்களை எல்லாம் கவிழ்த்து, வாசல் வரைக்கும் கழுவிவிட்டேன்.

உங்கள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்போது நம் தெருவில் குழாய் கிடையாது. முந்திரிக்காட்டைத் தாண்டி மோட்டார் கொட்டகைக்குப் போய்த்தான் அவள் தண்ணீர் சுமந்தாள்.

“ஏங்க, நம்மகிட்ட என்ன இல்லன்னு பாக்கத்தான அவங்க வராங்க? இதெல்லாம் இருந்தா, குழா எப்புடி வரும்?”

“மானம் போயிடும் செல்வி. நீ சும்மா இரு!”

சென்னையிலிருந்து ஒரு மேடமும், நிலைப்படியில் தலை இடிக்கிற உயரத்தில் ஒரு வெளிநாட்டுக்காரரும் வந்தார்கள். (இடித்தது.)

“பிரிட்ஜ் இருக்கு, ஃபில்டர் இருக்கு. தண்ணிக்குக் கஷ்டம் ஏதும் இல்லையா சார்?”

“ஒண்ணும் இல்லீங்க மேடம். எல்லா வாக்கும் நெறவேறிடுச்சுங்க!” என்றேன், நானே பிரதமர் மாதிரி.

மேடம் எழுதிக்கொண்டார். உங்கள் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் முந்திரிக்கொட்டையைச் சுட்டிருக்கலாம்.

அந்த நேரம் பார்த்து மல்லிகா விறுவிறுவென்று உள்ளே வந்து பிரிட்ஜைத் திறந்தாள். “அண்ணே, மாவு எடுத்துக்கறேன். புள்ளைக்குத் தோச ஊத்தணும்.”

“இவங்க?” என்றார் மேடம்.

“தங்கச்சி முறைங்க. பிரிட்ஜைப் பொதுவுல வச்சிருக்கோம்.”

“அருமை! இருக்கிறதைப் பகிர்ந்து வாழறாங்க” என்று மேடம் அதையும் எழுதப்போனார்.

“எது, பொதுவுலயா? காலையிலதான எங்க வூட்டுலேந்து தூக்கிட்டு வந்தீங்க!” என்றாள் மல்லிகா.

பேனா நின்றது. எனக்கு வேர்த்த வேர்வையில் இன்னொரு தடவை வீடு கழுவியிருக்கலாம். பேச்சை மாற்ற, “தண்ணி சாப்புடுங்க சார்” என்று ஃபில்டரைத் திருகினேன். அது ‘புஸ்’ஸென்று மூச்சு விட்டது. ஊற்றி வைக்க எங்கே இருந்தது தண்ணீர்?

உங்கள் அம்மா எழுந்தாள். காலிக் குடம் ஒன்றை அந்த வெளிநாட்டுக்காரர் கையில் கொடுத்தாள்.

“தண்ணி வேணும்னா வாங்க சார், போயி எடுத்துட்டு வருவோம்.”

முந்திரிக்காடு வழியாக எல்லோரும் நடந்தோம். திரும்பும்போது அவர் குடத்தை இடுப்பில் வைத்தார், வழுக்கியது. தோளில் வைத்தார், பாதித் தண்ணீர் சட்டைக்குள் போயிற்று. வீடு வந்ததும் மூச்சிரைக்க மேடத்திடம் ஏதோ சொன்னார்.

“தினமும் இப்படியான்னு கேக்கறார்.”

“தெனமும்தான். இவரு வீடு கழுவுனா ரெண்டு நடை சேத்து” என்றாள் உங்கள் அம்மா.

மேடம் முன்பு எழுதிய பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, புதுசாக எழுதினார்.

கொஞ்ச காலத்தில் தெருவுக்குக் குழாய் வந்தது. அவர்கள் எழுதியதாலா, தானாக வந்ததா, எனக்குத் தெரியாது. யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் என்றால் நான் உங்கள் அம்மாவுக்கும் மல்லிகாவின் தோசை மாவுக்கும்தான் சொல்வேன்.

இப்போது நமக்கே சொந்தமாகப் பிரிட்ஜ் இருக்கிறது. அதில் பாதி இடத்தில் மல்லிகாவின் மாவுதான். கேட்டால், “நீங்கதானண்ணே பொதுவுன்னு சொன்னீங்க” என்கிறாள். விருந்தாளி யாராவது தண்ணீர் கேட்டால் உங்கள் அம்மா இன்றைக்கும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் குழாயைத் திறக்கிறாள். சிரிக்கட்டும் பிள்ளைகளா. குடம் சுமந்த இடுப்பு அது.