முற்றுப்பெற்ற பின் கைவிடப்பட்ட வேங்கை

2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14ஆம் நாள், புதன்கிழமை, முற்பகல் 10.07 மணிக்கு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில், மலேசியத் தமிழரின் வரலாற்றுணர்வு அதன் உச்சத்தை எட்டியது. 'கிள்ளான் வேங்கை' என்னும் கணினி விளையாட்டின் இரண்டாம் பாகம் எந்த நாளில், எவரால் தடம்புரண்டு கைவிடப்பட்டது என ஆராயும் 'காலவரிசைக் குழு' அப்போதுதான் கூடியது.

குழுவின் தலைவர், நிறுவன இயக்குநர் திருச்செல்வம். ஆராயப்பட வேண்டிய முடிவுகள் அனைத்தையும் எடுத்தவர் அவரே. ஆதலால் அவரினும் தகுதியுடையார் கிடைத்திலர். உறுப்பினர், விளம்பரப் பொறுப்பாளர் பிரவின். நான் அறிக்கையின் மொழிதிருத்துநர். எதிரே நின்றவர் நிரலாளர் உஷாராணி. தாமதம் அவருடையது எனக் காலவரிசை கூறினால், எட்டாண்டு வேலை அன்றே போய்விடும்.

சான்று: வாட்ஸ்அப்.

"உஷா, 2022 மார்ச்சுல கேம் முடிஞ்சிருச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றார் தலைவர்.

"இல்ல பாஸ். 'இன்னும் ஆறு பேரு குடுத்தா முடிஞ்சிரும்'னு போட்டேன். இந்தா பாருங்க."

"ரெண்டும் ஒண்ணுதான லா!" என்றார் பிரவின்.

"ஒன்றன்று. முன்னது இறந்தகாலம், பின்னது நிபந்தனையோடு கூடிய எதிர்காலம்" என்றேன்.

"ஆன்டி, கேம் கம்பெனில டென்ஸ் எல்லாம் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?" என்றார் பிரவின்.

முடியாதுதான். அச்செய்தி வந்த மறுநாளே, கிள்ளானில் ஒரு மண்டபத்தில் குத்துவிளக்கேற்றி, வேங்கை உருவில் கேக் வெட்டி, "முடிஞ்சிருச்சு!" எனத் தலைவர் உலகிற்கு அறிவித்தார். முடிந்த விளையாட்டிற்கு ஆள் எதற்கு? மறுவாரமே நால்வரை வீட்டிற்கு அனுப்பினார். எஞ்சியவர் உஷாராணி ஒருவரே. அடுத்த ஈராண்டில் பதினொரு 'முன்னோட்ட விழாக்கள்' நடந்தேறின. விளையாட்டினுள் அதுவரை உருவாகியிருந்தவை ஒரு பேருந்து நிலையமும் ஒரு வேங்கையும். வேங்கைக்கு நடக்க வரவில்லை.

"ஏன் நடக்கல?" என்றார் தலைவர்.

"அத நடக்க வைக்கிற முகுந்தனதான் நீங்க அனுப்பிட்டீங்களே பாஸ்."

"அப்பவே சொல்லியிருக்கணும் லா!" என்றார் பிரவின்.

"சொன்னேன். புளூ டிக் விழுந்திருக்கு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புளூ டிக்னா பாத்தேன்னு அர்த்தம். படிச்சேன்னு அர்த்தமில்ல."

இச்சொற்பொருள் நுட்பத்தை நான் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டேன். உஷாராணி என்னைப் பார்த்தார். "ஆன்டி, நீங்களாச்சும் அந்த மெசேஜ அப்படியே ரிப்போர்ட்ல போடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

மேற்கோள்கள் அறிக்கையின் நடையைக் கெடுக்கும் எனத் தலைவர் கருதினார். நடையைப் பற்றிய அக்கறை பாராட்டத்தக்கது, நான் மறுக்கவில்லை.

நண்பகலில் எடுக்கப்பட்ட தீர்மானங்கள் மூன்று. விளையாட்டு 2022 மார்ச்சில் முற்றுப்பெற்றது. முற்றுப்பெற்ற அவ்விளையாட்டை அதன்பின் ஈராண்டுகளாக முடிக்காமல் தாமதித்தவர் உஷாராணி. ஆகவே அவர் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்.

மூன்றாவது தீர்மானத்தின் வரைவில் 'இயக்குநர் நீக்குகிறார்' என்றே இருந்தது. செயப்பாட்டுவினையாக்கினால் நீக்கியவர் யாரென வாக்கியம் சொல்ல வேண்டியதில்லை; இலக்கணப் பிழையும் இராது. அவ்வாறு திருத்தியவள் நான்.