ஏழாவது வளைவில் ஒரு குனிவு

கார் மறுபடியும் டயர்க்காரனுக்கு வணக்கம் வைத்தது.

கணினியில் ஓடிய கோட்டைச் சஸ்பென்ஷன் எஞ்சினியர் விரலால் தடவிப் பார்த்தார். பந்தயத் தடத்தின் ஏழாவது வளைவு. சுற்றுக்குச் சுற்று அதே இடத்தில் முன்பக்க ஸ்பிரிங் அமுங்குகிறது, பின்பக்கம் எழும்புகிறது. தடத்தில் மேடுபள்ளம் எதுவும் கிடையாது. காலையில் நடந்தே போய்ப் பார்த்துவிட்டார். அப்படியென்றால் அர்த்தம் ஒன்றுதான். ஓட்டுகிறவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார்.

ஓட்டுகிறவர் அவருடைய மனைவி.

"அரை செகண்ட் போகுது," என்று மேனேஜர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். "சாயங்காலத்துக்குள்ள அதைத் தேடிக் குடுங்க. இல்லேன்னா பந்தயத்துல வேற ஆளைத்தான் உக்கார வைப்பேன். உங்க வீட்டுக்காரங்கன்னெல்லாம் பார்க்க முடியாது."

"எஞ்சின் கோளாறா இருக்கும்."

"எஞ்சின் ஆளு உங்களைக் கைகாட்டுறாரு."

போன மாதம்தான் எல்லாம் இடம் மாறின. எஞ்சினியரின் அறை பின்கட்டிலிருந்து இங்கே, ஏழாவது வளைவை ஒட்டிய மாடிக்கு வந்தது. அவருடைய சன்னலுக்கு நேர் கீழே டயர் கொட்டகை வந்தது. குனிவும் அன்றிலிருந்துதான். இரண்டில் எது காரணம் என்று அவர் ஆராயவில்லை. அறைக்கு அகலமான தோள் கிடையாது. டயர் அடுக்கின்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து தலைசீவவும் தெரியாது. டயர்க்காரனுக்குத் தெரியும்.

இதையெல்லாம் மேனேஜரிடம் சொல்ல முடியுமா?

"டயர் சூட்டை மூணாவது வளைவுல அளந்தா நல்லது," என்றார்.

டயர்க்காரன் கருவியைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது வளைவுக்குப் போனான். அடுத்த ஓட்டத்தில் மூன்றாவது வளைவில் கோடு கம்பி மாதிரி நேராக வந்தது. ஏழாவதில் அதே குனிவு.

எஞ்சினியருக்கு வயிறு எரிந்தது. ஆள் போன பிறகு அவன் உட்கார்ந்த இடத்துக்கே இவ்வளவு மரியாதையா?

ரேடியோவை எடுத்தார். "ஏழாவது வளைவுல என்ன பண்ற?"

"ஓட்டுறேன்."

"காலை எடுக்கிற."

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" அவள் குரலில் ஒரு துள்ளல். அதைக் கேட்டு இவருக்கு இன்னும் எரிந்தது. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஸ்பிரிங் காட்டிக் குடுத்துருச்சு."

"ஓ. ஸ்பிரிங்கா."

பேச்சு அறுந்தது.

கார் உள்ளே வந்ததும் அவர் கீழே இறங்கி, முன்பக்க ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, இருப்பதிலேயே விறைப்பானவற்றை மாட்டினார். இனி எவனுக்கும் குனியாது.

குனியவில்லைதான். வளைவில் திரும்பவும் இல்லை. வளைவுக்கு வளைவு விலகி ஓடி, கடைசியில் புல்லில் இறங்கி, டயரெல்லாம் மண்ணாகி வந்து நின்றது. அரை செகண்ட் போன இடத்தில் இப்போது இரண்டு.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். "காரா இது? திரும்புன்னா உட்கார்ந்து யோசிக்குது."

"கொஞ்சம் விறைப்பா வெச்சேன்."

"உங்களை மாதிரியே."

"நான் விறைப்பா? நீ குழையுறதைவிட அது தேவலை."

"யாரு குழையுறா?"

"எனக்கு எல்லாம் தெரியும். காலையிலருந்து பார்த்துட்டுத்தானே இருக்கேன்."

"பார்த்தீங்களா? எங்க பார்த்தீங்க?"

"ஸ்கிரீன்ல."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

டயர் மாற்ற வேண்டியிருந்ததால் டயர்க்காரனை மேனேஜர் கொட்டகைக்கே திரும்பக் கூப்பிட்டுவிட்டார். சக்கரத்தை முடுக்கிக்கொண்டே அவன் ஏதோ சொன்னான். அவள் சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று எஞ்சினியர் கணக்குப் போட்டுப் பார்த்தார். விடை பிடிக்கவில்லை.

பழைய ஸ்பிரிங்குகளை மாட்டிக் கொடுத்துவிட்டு மாடியேறினார். இந்தக் கண்றாவியை வேறு கண்ணால் பார்க்க வேண்டுமா? சன்னல் திரைச்சீலையைச் சரக்கென்று இழுத்து மூடினார். தூசி பறந்து தும்மல் வந்தது. இந்த அறைக்கு வந்ததிலிருந்து அதை அவர் தொட்டதில்லை. தொட அவசியம் வந்ததில்லை.

கடைசி ஓட்டம். கணினியில் ஆறாவது வளைவு அருமையாக வந்தது. ஏழாவது வந்தது. கோடு குனிந்தது. இன்னும் குனிந்தது. தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து, பிறகு அசையாமல் கிடந்தது. வேகம், பூஜ்யம்.

ரேடியோவில் மேனேஜர் அலறினார். "நட்டநடுத் தடத்துல காரை நிறுத்தியிருக்காங்க. கதை முடிஞ்சுது. நான் வேற ஆளுக்குச் சொல்லி அனுப்புறேன்."

எஞ்சினியர் நாற்காலியில் சரிந்தார். அவளுடைய சீட்டும் போயிற்று, மானமும் போயிற்று. எல்லாம் ஒரு தலைசீவுகிறவனால்.

மாடிப்படியில் தடதடவென்று காலடி. கதவைத் திறந்துகொண்டு டயர்க்காரன் மூச்சிரைக்க நின்றான்.

"வாடா," என்றார் எஞ்சினியர். "காரையே நிறுத்தி உங்கிட்ட பேசுற அளவுக்கு வந்தாச்சு. அவ என்ன சொன்னா?"

டயர்க்காரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "திரையை ஏன் சார் மூடிட்டீங்கன்னு அக்கா கேக்கச் சொன்னாங்க. நீங்க ஒருவாட்டியாவது தலையை நிமிர்த்தி வெளிய பார்ப்பீங்களான்னுதான் ஒரு மாசமா இந்த இடத்துல மெதுவாப் போறாங்களாம். இப்ப சன்னல்ல நின்னு கையைக் காட்டுனீங்கன்னா, உங்க அரை செகண்டை அடுத்த சுத்துலயே திருப்பிக் குடுத்துடுறாங்களாம்."