என் விரலை மதிக்காத கதவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கைரேகை கிடையாது.

பிறக்கும்போது இருந்திருக்கும். மேற்குத் தாம்பரத்தில் முப்பது வருடம் இட்லிக் கடை வைத்திருந்தேன். ஆவி பறக்கிற இட்லித் தட்டைத் துணி பிடிக்காமல் வெறுங்கையால் தூக்குவேன். அதை வேடிக்கை பார்க்கவே சிலர் கடைக்கு வருவார்கள். (வந்தவர்கள் நாலு இட்லி தின்றுவிட்டுத்தான் போனார்கள், அதையும் சொல்ல வேண்டும்.) அந்தப் பெருமையில் ரேகை ஆவியோடு ஆவியாகப் போய்விட்டது. ரேஷன் கடை மெஷினில் பத்து விரலையும் வைத்துப் பார்த்து, ஒன்றுக்கும் மசியாமல், கடைசியில் கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்குகிறேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பஸ் நம்பர் படிப்பேன். பேப்பரில் பெரிய எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். கையெழுத்துப் போட்டால் ஒரு வரி முழுக்க வரும், ஆனால் போடுவேன். இத்தனை வயதில் எந்தக் காகிதத்திலும் கைநாட்டு வைத்ததில்லை. அப்படிப்பட்டவளைப் பார்த்து, என் மகன் வீட்டுக் கதவு ஒருநாள் கட்டைவிரலை நீட்டு என்றது. நீட்டினேன். அதுவும் வேண்டாம் என்றது. இந்த அவமானத்தை யாரிடம் சொல்வது?

யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் வினை.

மகன் குமார் ஊரப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் ஃபிளாட் வாங்கியிருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை. வீட்டில் இருக்கிற சாமான் எல்லாம் இன்டர்நெட் வழியாக அவன் போனோடு பேசிக்கொண்டே இருக்கும். ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடவில்லை என்றால் அவனுக்குச் செய்தி போகும். துணி துவைத்து முடிந்தால் வாஷிங் மெஷின் அவனுக்குச் சொல்லும், பக்கத்திலேயே நிற்கிற எனக்குச் சொல்லாது. பகலில் நான் டிவி போட்டால்கூட ஆபீசில் இருக்கிறவனுக்குத் தெரிந்துவிடும். (நான் சீரியலே பார்ப்பதில்லை என்று அவனிடம் பலமுறை சொல்லியிருந்தேன்.)

எல்லாவற்றுக்கும் மேலே இந்தக் கதவு. சாவி கிடையாது. மூடினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். விரல் வைக்க வேண்டும், இல்லையென்றால் நம்பர் அழுத்த வேண்டும், இல்லையென்றால் குமார் எங்கிருந்தாவது போனில் திறக்க வேண்டும். பக்கத்தில் ஒரு பெல். அதற்கு ஒரு கண், அதாவது கேமரா. அழுத்தினால் வீட்டில் அடிப்பதோடு அவன் போனிலும் அடிக்கும்.

பூட்டு மாட்டிய அன்று என் விரலைப் பதிய உட்கார்ந்தான். இரண்டு விரல் முயன்றான், சிவப்பு விளக்குதான் வந்தது. அதற்குள் ஆபீஸ் போன் வந்து உள்ளே போனான். திரும்பி வந்தவனிடம், "பதிஞ்சிடுச்சுடா, பச்சை வெளக்கு வந்துது" என்றேன்.

"சூப்பர்மா. எதுக்கும் நம்பரையும் சொல்லித் தரேன்."

"விரல் கீதுல்ல, நம்பர் இன்னாத்துக்கு?" என்றேன். அவசரத்துக்கு என்று ஒரு நிஜச் சாவி கொடுத்தான். அதை சாமி ரூமில் குங்குமச் சிமிழுக்கு அடியில் பத்திரமாக வைத்தேன். வெளியே மாட்டிக்கொள்கிறவளுக்கு உள்ளே சாவி.

பிறகு எப்படிச் சமாளித்தேன் என்று கேட்பீர்கள். கடையை விற்றபோது அம்மியையும் குழவியையும் மட்டும் கொண்டுவந்திருந்தேன். வெளியே கால் வைக்குமுன் அந்தக் குழவிக் கல்லைக் கதவுக்கு நடுவில் உருட்டி வைத்துவிடுவேன். குப்பை கொட்டவோ, கீழே கீரை வாங்கவோ போய்வரும்வரை கதவு கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கும். பார்க்கிறவர்களிடம், காற்று வரட்டும் என்று சொல்வேன். மூன்று மாதம் இப்படி ஓட்டினேன். லட்சக்கணக்கில் செலவழித்துப் படித்தவர்கள் செய்த பூட்டை ஒரு குழவி அடக்கி வைத்திருந்தது.

இந்தச் சமயத்தில் குமாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருமகள் ரேவதி பள்ளிக்கரணையில் தாய் வீட்டில் இருந்தாள். முப்பதாம் நாள் தொட்டில் போடுவதாகப் பேச்சு. சம்பந்தியம்மா பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். இங்கிலீஷ் பேப்பரைக் கண்ணாடி போடாமல் படிப்பார். என்னிடம் மரியாதையாகத்தான் பேசுவார். ஆனாலும் அவர் முன்னால் உட்கார்ந்தால் நான் முதுகை நிமிர்த்திக்கொள்வேன், பரீட்சைக்கு வந்தவள் மாதிரி.

தொட்டில் போடும்போது எங்கள் பக்கம் ஒரு வழக்கம். பிள்ளையைப் போடுமுன் குழவிக் கல்லைக் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, துணி சுற்றி, பிள்ளை மாதிரி முதலில் தொட்டிலில் போடுவார்கள். பிள்ளை கல் மாதிரி திடமாக இருக்க வேண்டும் என்று. நானே கேட்டு வாங்கினேன்: "கல்லு எங்க வூட்டுக் கல்லுதான் வரணும். நானே கொண்டாரேன்."

ஞாயிற்றுக்கிழமை. பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் போட வேண்டும், பன்னிரண்டுக்கு எமகண்டம் பிறந்துவிடும். குமார் விடியற்காலையே தொட்டிலோடு கிளம்பிவிட்டான். "ரெடியானதும் போன் பண்ணும்மா, கார் புக் பண்ணி அனுப்பறேன்" என்று சொல்லிப் போனான்.

குளித்தேன். குழவியையும் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, சாமி ரூமில் பட்டுத்துண்டின் மேல் படுக்க வைத்தேன். என் பட்டுப்புடவை கட்டிலில் தயாராக இருந்தது. கோலம் போட்டுவிட்டு வந்து கட்டலாம் என்று, நைட்டியோடு, தலையில் ஈரத்துண்டோடு, கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தேன். நல்ல நாள் ஆச்சே, சின்னதாகப் போட மனம் வருமா? பதினைந்து புள்ளி வைத்தேன். ஏழாவது வரிசையில் இருக்கும்போது பின்னால் 'டிக்' என்றது.

குழவி சாமி ரூமில் படுத்திருந்தது. கதவு சாத்திக்கொண்டது.

கையை நைட்டியில் துடைத்துவிட்டுக் கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு. ஆள்காட்டி விரல். சிவப்பு. பூட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். "நான்தாம்மா" என்றேன். அவளுக்கு நான் யார் என்று தெரியவில்லை. சுண்டுவிரல்வரை போனேன். பிறகு ஒரு நீளமான சத்தம் போட்டுவிட்டு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

எதிர் ஃபிளாட் ஸ்டெல்லா டீச்சர் சர்ச்சுக்குப் போக பைபிளும் கையுமாக வெளியே வந்தார்.

"என்னக்கா, கோலத்த பாதில விட்டுட்டு கதவோட பேசிட்டிருக்கீங்க?"

"விரல் வெச்சா தொறக்க மாட்டேங்குது டீச்சர்."

"ஈரக்கையா இருக்கும். நல்லா தொடைங்க." அவர் கைக்குட்டையால் என் விரலைத் துடைத்தார். விரல் நுனியைத் தடவிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பொய் சொல்கிற பிள்ளைகளை இப்படித்தான் பார்த்திருப்பார். "அக்கா, இதுல ரேகையே இல்லயே. இத்தன நாளா எப்படித் தொறந்தீங்க?"

கல்லைப் பற்றிச் சொன்னேன். டீச்சர் சிரிக்கவில்லை. பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அவர் போனில் குமாரைக் கூப்பிடலாம் என்றால் எனக்கு அவன் நம்பர் தெரியாது. என் போனில் அவன் முகம் இருக்கும், முகத்தைத் தொட்டால் அவனுக்குப் போகும். அந்தப் போன் உள்ளே. அது இதற்குள் மூன்று முறை அடித்துவிட்டது. குமார்தான், நான் தயாரா என்று கேட்க. நான் மூடிய கதவைப் பார்த்து ஒவ்வொரு முறையும் "வரேண்டா, வரேண்டா" என்று பதில் சொன்னேன்.

"பெல்ல அழுத்துங்கக்கா. உங்க பையன் போன்ல அடிக்கும், அங்கேர்ந்தே தொறந்துடுவாரு."

எனக்குத் தெரியாதா? அழுத்தினால் மூன்று மாதப் பொய் வெளியே வந்துவிடுமே. அதுவும் சம்பந்தி வீட்டில், அத்தனை பேருக்கு நடுவில். கோலத்தை முடிக்கிறேன் என்று குந்தினேன். மீதி எட்டு வரிசையையும் போட்டேன், பூவும் வைத்தேன். நிமிர்ந்தபோது டீச்சர் வாட்சைக் காட்டினார். ஒன்பதரை தாண்டியிருந்தது. இங்கிருந்து ஜி.எஸ்.டி. ரோடில் தாம்பரம் போய், வேளச்சேரி ரோடு பிடித்துப் பள்ளிக்கரணை போகவே ஒன்றரை மணி நேரம். கல் போகாமல் பிள்ளையைத் தொட்டிலில் போட முடியாது.

பெல்லை அழுத்தினேன்.

ஏதோ பாட்டு மாதிரி அடித்தது. பிறகு நின்றது. யாரும் ஹலோ சொல்லவில்லை. போன் என்றால் அந்தப் பக்கம் ஹலோ சொல்ல வேண்டும், அப்புறம்தான் பேச்சு. ஹலோ வராததால் லைன் கிடைக்கவில்லை என்று முடிவு செய்து டீச்சர் பக்கம் திரும்பினேன்.

அங்கே நடந்தது எனக்குப் பின்னால்தான் தெரியும். குமார் தன் போனைப் பெரிய டிவியில் இணைத்து, வந்தவர்களுக்குக் குழந்தை படங்களைக் காட்டிக்கொண்டிருந்தான். அப்படியே படங்களை ஓடவிட்டு, மொட்டை மாடிக்கு நாற்காலி தூக்கப் போய்விட்டான். பெல் அடித்ததும் ரேவதியின் மாமா போனில் எதையோ தொட்டார். குழந்தை போய் டிவி முழுக்க நான் வந்தேன். நைட்டி, தலையில் துண்டு, மூக்கில் கோலமாவு. கேமராவுக்குப் பக்கத்தில் நின்றதால் மூக்குதான் பெரியதாகத் தெரிந்ததாம். சுமார் நாற்பது பேர் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"பாத்தீங்களா டீச்சர், இதுவும் வேலை செய்யல" என்றேன், நாற்பது பேரிடமும்.

"பொறுங்கக்கா. பையன்தானே, இதுல என்ன வெக்கம்?"

"பையனுக்கு இன்னா, திட்டிட்டுப் போவான். அந்தம்மா கீறாங்களே, சம்பந்தியம்மா. பேங்க்ல எத்தினியோ பேர்கிட்ட கையெழுத்து வாங்கினவங்க. நான் மூணாங்கிளாஸ். இப்ப கைநாட்டுக்கும் லாயக்கில்லன்னு தெரிஞ்சா இன்னா நெனப்பாங்க? அதுக்குத்தான் மூணு மாசமா கதவுல குழவிய வெச்சு மறைச்சேன்."

டீச்சர் என்னைத் தேற்ற, "அவங்களுக்கு உங்கள மாதிரி சமைக்க வருமா?" என்றார்.

எனக்கு அது போதும். "அத கேளுங்க. எல்லாம் படிச்சாங்க, சாம்பார் மட்டும் படிக்கல. போன வாட்டி போட்டாங்க, பருப்பு எங்கடான்னு கரண்டியால தேடினேன் டீச்சர். சம்பந்தியாச்சேன்னு ரெண்டு வாட்டி வாங்கித் துன்னேன். அந்த சாம்பாருக்கு இந்தப் பூட்டே தேவல. வேணாம்னா வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுது."

அப்போது பெல் பேசியது.

"சம்பந்தியம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. குமார் கதவத் தொறக்கறாரு."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். மேனேஜர் குரல். பின்னால் ஒரு கூட்டமே சிரிப்பை அடக்குகிற சத்தம். கதவு 'டிக்' என்று திறந்தது. நான் உள்ளே போகவில்லை.

"நின்னுட்டிருக்காதீங்க, நேரமாச்சு" என்றது பெல். "சாம்பார் இன்னைக்குக் கேட்டரிங்தான். தைரியமா வாங்க."

டீச்சர் சர்ச்சை விட்டுவிட்டு எனக்குப் புடவை மடிப்பு எடுத்தார். குமார் அனுப்பிய காரில் குழவியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வண்டலூரில் நின்றோம், பெருங்களத்தூரில் நின்றோம், மேம்பாலத்தின் மேலேயும் நின்றோம். திரும்பிப் போய்விடலாம் என்று மனம் சொன்னது. மடியில் இருந்த கல் விடவில்லை.

நான் இறங்கும்போது பதினொன்றே முக்கால். நாற்பது தலையும் திரும்பியது. ரேவதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "வாங்க அத்தை" என்றாள். சம்பந்தியம்மா நேராக வந்து கல்லை வாங்கிக்கொண்டார். "இதான் மூணு மாசம் கதவு காத்ததா?" என்று துணியை விலக்கிப் பார்த்தார். "அப்போ இது சும்மா கல்லு இல்ல." அவரே அதைத் தொட்டிலில் போட்டார். ஆட்டினோம். கல்லை எடுத்துவிட்டுப் பேத்தியைப் போடும்போது எமகண்டத்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

பந்தியில் எனக்கு மட்டும் சம்பந்தியம்மா தன் கையால் பரிமாறினார். ஒரு பாத்திரத்தைத் தனியாக எடுத்து வந்தார். சாம்பார். கேட்டரிங்காரர்களுடையது இல்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தில் வீட்டில் நிஜமாகவே ஒரு கைப்பிடிக்கு மேல் பருப்புப் போட்டு அவரே வைத்தது. ஊற்றிவிட்டு நகரவில்லை. நான் பிசைந்து ஒரு வாய் வைக்கும்வரை நின்றார்.

"எப்படியிருக்கு?" என்று கேட்டார்.

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் ஒரேயடியாக இறங்கிப்போக எனக்கு வராது.

"பெல்லுகிட்ட சொல்றேன்" என்றேன்.

அப்புறம் எழுந்த சிரிப்பில் தொட்டிலில் தூங்கிய பிள்ளை முழித்துக்கொண்டது.

இப்போது எங்கள் வீட்டில் யாருக்காவது பதில் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் இதைத்தான் சொல்கிறார்கள். புதுச் சட்டை எப்படி இருக்கிறது என்று குமார் கேட்டால், ரேவதி "பெல்லுகிட்ட சொல்றேன்" என்கிறாள். ஸ்டெல்லா டீச்சர் சர்ச்சுவரை கொண்டுபோய்விட்டார்.

குமார் எனக்கு நம்பர் சொல்லிக் கொடுத்துவிட்டான். ஒருமுறைதான் சொன்னான், பஸ் நம்பர் படிக்கிறவளுக்கு அது பெரிய காரியமில்லை. ஆனாலும் குழவி கதவோரம்தான் இருக்கிறது. அதற்கு இப்போது வீட்டில் பெயர் 'மூத்த பேத்தி'.

சம்பந்தியம்மா மாதம் ஒருமுறை குழந்தையைப் பார்க்க வருகிறார். வந்ததும் பெல்லை அழுத்தி, அதன் கண்ணுக்கு நேராகத் தூக்குவாளியைக் காட்டி, மூன்றாவது மாடி முழுக்கக் கேட்கும்படி, "சாம்பார் கொண்டாந்திருக்கேன், பருப்பு இருக்கு, செக் பண்ணிக்குங்க" என்கிறார்.

எனக்கு உள்ளே கேட்கும். உடனே எழுந்து போவதில்லை. முதுகை நிமிர்த்தி, புடவையைச் சரிசெய்து, மெதுவாகத்தான் போய்த் திறக்கிறேன். அந்த வாசலில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பது எனக்குத் தெரியும்.