பழைய குரல் வேண்டும் என்றொரு மனு

குறை கண்டுபிடிப்பதற்காக மாதாமாதம் சம்பளம் வாங்குகிறவள் நான். ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. தையல் நூலளவு விலகியிருந்தாலும், தோலில் கொசு கடித்த தழும்பு இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. (எங்கேயோ ஒரு மாட்டை எப்போதோ கொசு கடித்ததற்கு, ஒரு ஜோடி ஷூவையே தள்ளிவைத்திருக்கிறேன்.) இந்தத் திறமையைத் தொழிற்சாலை வாசலிலேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சொன்ன விதத்தில் ஏதாவது குறை கண்டுபிடித்திருப்பேன்.

நான் பள்ளியில் படித்தபோது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தொலைக்காட்சியில் 'புயல்வேந்தன்' என்று ஒரு தொடர் வந்தது. வெளிநாட்டுத் தொடருக்குத் தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். பகலில் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவன், ஊருக்கு ஆபத்து என்றால் நீல அங்கியோடு காற்றில் கிளம்பிவிடுவான். கட்டடம் இடியும்போது அட்டைப்பெட்டி மடங்குவது நன்றாகவே தெரியும். ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே. "காற்றுக்குக் கைவிலங்கா, மூடனே?" என்று அவன் கேட்டால் எனக்கு உடம்பு சிலிர்த்துப்போகும். கணக்குப் பரீட்சைக்கு அதைச் சொல்லிக்கொண்டுதான் போவேன். (பரீட்சை எனக்கு மாட்டிய கைவிலங்கு வேறு கதை.)

அதே தொடர் இப்போது அனிமேஷனாகத் திரும்பி வரப்போகிறது என்று செய்தி வந்ததும், வாணியம்பாடியில் மொபைல் கடை வைத்திருக்கும் நயாஸ் பாய் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார். எல்லாரும் நாற்பதை ஒட்டியவர்கள். பிள்ளைகளின் பள்ளிக் குழுவில் ஒரு வார்த்தை எழுதாதவர்கள்கூட, அங்கியின் நீலம் மாறிவிட்டதைப் பற்றி மூன்று நாள் சண்டை போட்டார்கள். நான் என் பங்குக்கு, அந்தப் புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு பறந்தால் குதிகால் உரிந்துவிடும் என்று தொழில்முறைக் கருத்து தெரிவித்தேன்.

பிறகு முன்னோட்டம் வெளியானது. அதில் புயல்வேந்தன் பேசினான். கரகரவென்று ஒரு குரல். 'நம்ம ஆளுக்குச் சளி பிடிச்சிருக்கு, யாராவது கஷாயம் குடுங்க' என்று குழுவில் எழுதினேன். சிரிக்கிற பொம்மைகள் கொட்டின. அதுதான் தலைக்கேறிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் குரலைத் தினமும் ஒரு முறையாவது திட்டுவதை என் கடமையாக வைத்துக்கொண்டேன்.

முதல் பாகத்தை எல்லாரும் சேர்ந்து பார்க்க வேலூரில் ஒரு ஓட்டலின் மாடியில் ஹால் பிடித்தார் நயாஸ் பாய். புதுத் தொடர் சம்பந்தப்பட்ட ஒரு விருந்தாளி வருகிறார், பெயரை அப்போதுதான் சொல்வேன் என்றும் எழுதினார். கம்பெனி ஆள் யாரோ வருகிறார் என்று முடிவு செய்துகொண்டு, இரண்டு பக்கத்துக்கு ஒரு மனு தயாரித்தேன். பழைய குரலின் பெருமை ஒன்றரைப் பக்கம். புதுக் குரலின் குறைகள் அரைப் பக்கம். கடைசியில், புதியவரை நீக்கிவிட்டுப் பழையவரையே தேடிப்பிடித்துப் பேசவைக்க வேண்டும் என்ற கோரிக்கை.

என் கணவர் தேவாவும் மகள் ஜெனியும் கூட வந்தார்கள். நான் வரிசை வரிசையாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். வாயில் இருமல் மிட்டாய். சோளிங்கரிலிருந்து பஸ் பிடித்து வந்தாராம். ரசிகரா என்று கேட்டதற்கு, அப்பப்போ பார்த்ததுண்டு என்றார். பாவம், விவரம் தெரியாதவர் என்று பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பாடம் எடுத்தேன்.

"புதுக் குரல்ல இன்னாம்மா குறை?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தொண்டையில உப்புத்தாள் வெச்சுத் தேச்ச மாதிரி இருக்கு சார். மூச்சு வேற வாங்குது. பறக்கற ஆளுக்கு மூச்சு வாங்கலாமா?"

"வாங்கக் கூடாதுதான்" என்று ஒப்புக்கொண்டார்.

பழையவர் சிங்கம் என்றும், அவர் பெயரைக்கூடத் தொடரில் போடாமல் விட்டுவிட்டார்கள் என்றும் பொரிந்து தள்ளினேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பேனாவை வாங்கினார்.

"அந்த ஆளு கெடச்சா எனக்கும் சொல்லும்மா" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நயாஸ் பாய் விருந்தாளியை வரவேற்க மாலையோடு கீழே லிஃப்ட் பக்கத்தில் நின்றிருந்தார். கூட்டம் பேஜாராகிக் கொண்டிருந்தது. சும்மா இருப்பானேன் என்று நானே மேடையேறி மைக்கைப் பிடித்து, விருந்தாளி வந்ததும் கொடுக்கப்போகிற மனு இதுதான் என்று வாசித்தேன். உப்புத்தாள் வரிக்குக் கைதட்டல். மூச்சு வாங்குகிற வரிக்கு விசில். (ஜெனி அதை வீடியோ எடுத்தாள். இன்றுவரை அழிக்க மறுக்கிறாள்.)

'புதியவரை உடனே நீக்க வேண்டும்' என்று நான் முடித்தபோது, நயாஸ் பாய் போனைக் காதில் வைத்தபடி படியேறி வந்து வாசலில் நின்றார். மூன்றாவது வரிசையில் ஒரு போன் அடித்தது. வெள்ளைச் சட்டைக்காரர் அதை எடுத்து, "இங்கதான் தம்பி இருக்கேன். லிஃப்ட் தெரியல, படியேறி வந்துட்டேன்" என்றார்.

நயாஸ் பாய் மாலையோடு ஓடினார். அந்த உற்சாகத்தில் என் கையிலிருந்த மனுவை அவர் கவனிக்கவில்லை. "அன்னிக்கும் புயல்வேந்தன், இன்னிக்கும் புயல்வேந்தன், ரெண்டு குரலும் இவரேதான். பலராமன் சார்" என்று அறிவித்தார்.

மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. தேவா ஜெனியின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். முழு ஆளும் மறைய ஜெனியின் தலை போதவில்லை.

பலராமன் சார் மேலே வந்து என்னிடமிருந்து மைக்கை மெதுவாக வாங்கினார்.

"இந்த மனுவுல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். அந்தக் குரல் எனக்கும்தான் வேணும். ரொம்ப வருஷமாத் தேடறேன்."

ஹால் சிரித்தது. என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் கதாநாயகனுக்கு மட்டுமல்ல, வில்லனின் நாய்க்கும் அவர்தான் குரைத்தாராம். பிறகு வாய்ப்பு நின்றுபோய், சோளிங்கரில் தமிழாசிரியராக இருந்து ஓய்வும் பெற்றுவிட்டார். அனிமேஷன்காரர்கள் எப்படியோ தேடி வந்து கேட்டபோது, வயசாகிவிட்டது என்று இரண்டு முறை மறுத்திருக்கிறார். மூன்றாவது முறைதான் ஒப்புக்கொண்டாராம்.

எல்லாரும் அந்த வசனத்தைக் கேட்டார்கள். அவர் ஒரு மிடறு வெந்நீர் குடித்தார்.

"காற்றுக்குக் கைவிலங்கா..." என்றவர் அங்கே மூச்சு முட்டி நின்றார். ஹாலில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. "...மூடனே?" என்று முடித்தார்.

கரகரப்பு அப்படியே இருந்தது. ஆனால் 'காற்று' என்று எழும்பிய அந்த இடம், பரீட்சைக்குப் போகும் வழியெல்லாம் என் காதில் கேட்ட அதே இடம். இதைக் கண்டுபிடிக்காமலா இத்தனை நாள் திட்டினேன் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் பாகத்தையும் பார்த்து முடித்துக் கூட்டம் கலைந்ததும் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். மனுவைக் கிழிக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிழிக்காதம்மா. அந்தக் குரல் நல்லா இருந்துச்சின்னு இதுவரைக்கும் யாரும் எனக்கு ஒரு கார்டுகூடப் போட்டதில்ல. நீ ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்க."

நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அரைப் பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டுத் தருகிறேன் என்று கெஞ்சினேன். அதுவும் இருக்கட்டும், மூச்சு வாங்குவது உண்மைதானே என்றார். குழுவில் அன்று இரவே இரண்டு பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அவரோ அடுத்த நாள் ஒரு குரல் பதிவு அனுப்பினார். முழுதும் வில்லனின் நாய் குரைப்புதான்.

வீட்டாரிடம் நான் படும் பாடு இன்னும் தீரவில்லை. கல்யாணப் பந்தியில் சாம்பாரைப் பற்றி நான் வாயைத் திறந்தால் போதும், தேவா என்னைத் தாண்டிக் குனிந்து, பக்கத்து இலைக்காரரிடம் ரொம்ப மரியாதையாக, "சார், சமையல் நீங்க இல்லையே?" என்று கேட்டுவிடுவார். அவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். ஜெனி புரையேறச் சிரிப்பாள். போன மாதம் சர்ச் ஆண்டு விழாவில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். சுருதி கொஞ்சம் கம்மி. நான் வாயைத் திறந்தேன். உடனே தேவா என் பக்கத்திலிருந்த அம்மாவிடம் குனிந்து, "அக்கா, பாடறது உங்க பொண்ணு இல்லையே?" என்று கேட்டார்.

"ஆமாங்க, எங்க பொண்ணுதான்" என்று பூரித்துப்போனார் அந்த அம்மா.

திறந்த வாயை மூடத் தெரியாமல், நன்றாகப் பாடுகிறாள் என்று சொல்லிவைத்தேன்.