கேஸ் கம்பெனித் தம்பி

நிறுவனத்தின் ஆண்டு விழாவை அன்று தம் வருகையால் பெருமைப்படுத்தியவர்கள்: முதலாளி, முதலாளி சிரித்தால் சிரிக்கும் துணை மேலாளர், துணை மேலாளர் சிரித்தால் சிரிக்கும் அவருடைய கணக்குப் பிரிவுத் தம்பி, காரணம் கேட்காமலே சிரிக்கும் அவர்களுடைய கிடங்குப் பொறுப்பு மச்சான். துணை மேலாளருடையது எந்த மேலதிகாரியின் முகமும் வாட விடாத உயர்ந்த குடும்பம். மேடையில் டிரம்ஸுக்குப் பின்னால் அக்குடும்பத்தின் கடைக்குட்டியும் இருந்தான். அவனைக் கணக்கில் சேர்ப்பது வழக்கமில்லை.

அவன் வரலாறு சிறியது. சின்ன வயதில் சமையலறை மூடிகளைத் தட்டினான். மூத்தவர், அதாவது இன்றைய துணை மேலாளர், அவன் தலையில் தட்டினார். பள்ளியில் மேசையைத் தட்டினான். வாத்தியார் வெளியே நிறுத்தினார். வளர்ந்ததும் ஒரு ஜாஸ் இசைக் குழுவில் சேர்ந்துவிட்டான். மானத்தைக் காப்பதற்காகக் கூடிய அவசரக் குடும்பக் கூட்டம், "ஜாஸ்" என்பதைக் "கேஸ்" என்று ஏகமனதாகத் திருத்தியது. அன்று முதல் அவன் கேஸ் கம்பெனியில் இருந்தான். சம்பந்தி வீட்டார் ஒருமுறை சிலிண்டர் கேட்டபோது, "இப்ப ஸ்டாக் இல்லீங்க" என்று மூத்தவர் கௌரவமாகச் சமாளித்தார்.

விழாவுக்கு வரும் குழு அவனுடையதுதான் என்று மூத்தவருக்கு யாரும் சொல்லவில்லை. அதுவும் எந்த நாளில்! மேலாளர் நாற்காலி காலியாக இருந்தது. அது யாருக்கு என்று முதலாளி அன்றுதான் அறிவிக்கவிருந்தார்.

மூத்தவர் மேடைக்குப் பின்னால் ஓடினார்.

"நீ எங்கடா இங்க?"

"கேஸ் லீக் ஆவுதாம்ணே. பாக்க வந்தேன்."

"வாய மூடு. யாராவது கேட்டா என்னைத் தெரியாதுன்னு சொல்லிடு."

"சரி. நீங்க யாரு சார்?"

இசை தொடங்கியது. கலையுள்ளம் பொங்கிய முதலாளி மேடையேறிக் கை தட்டலானார். தாளம் ஒரு பக்கம் போக, அவர் கை வேறு பக்கம் போயிற்று. கூடம் முழுவதும் உடனே தாளத்தைக் கைவிட்டு முதலாளியைப் பின்பற்றியது. கடைக்குட்டி மட்டும் பிடிவாதமாகச் சரியாக வாசித்தான்.

முதலாளியின் புருவம் நெரிந்தது. மூத்தவருக்கு நாற்காலியின் கால்கள் ஆடுவது கண்ணுக்கே தெரிந்தது. குனிந்தபடி டிரம்ஸை நெருங்கினார்.

"டேய், அவரு தட்டும்போது தட்டுடா!"

"எப்பத் தட்டுவாருன்னு அவருக்கே தெரியலையேண்ணே."

"எனக்குத் தெரியுதுடா! தோள் லேசா ஏறும் பாரு, அப்பத் தட்டுவாரு."

"அதான் நீங்க துணை மேலாளர்."

இனிப் பேசிப் பயனில்லை. மூத்தவர் அவன் கையிலிருந்த குச்சி ஒன்றைப் பிடுங்கினார். முதலாளியின் தோள் ஏறும்போதெல்லாம் டிரம்ஸோடு இருந்த பெரிய வெண்கலத் தட்டில் ஓங்கி ஓர் அடி. ஒன்றுகூடத் தவறவில்லை. முதலாளி மெய்மறந்தார்.

"அடடா! எங்கய்யா கத்துக்கிட்டீங்க?"

"எல்லாம் உங்ககிட்டதான் சார்."

நாற்காலி அங்கேயே உறுதியாயிற்று. முதலாளி கடைக்குட்டியைக் காட்டி, "யாரு இந்தாளு? தாளமே வரலையே!" என்றார்.

"தெரியாது சார்" என்றார் மேலாளர்.

கடைக்குட்டி டிரம்ஸை மூட்டை கட்டினான். மேலாளர் குச்சியை நீட்டினார்.

"நீங்களே வெச்சுக்குங்க சார். இனிமே உங்களுக்குத்தான் வாசிப்பு அதிகம்."

இந்தக் குடும்பத்தில் ஜால்ரா தட்டிப் பிழைப்பவன் கடைக்குட்டிதான் என்று வெளியே ஒரு வதந்தி உலவுகிறது. அது முழுப் பொய். அவன் வாசித்தது டிரம்ஸ்.