ஆலோசகருக்கு மீந்த போல்ட்

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வேலை எதையும் தொடுவதில்லை என்று தீர்மானம் போட்டேன். ஒரே ஒருவரைத் தவிர யாரும் எதிர்க்கவில்லை. வீட்டில் நாங்கள் மொத்தமே இரண்டு பேர்.

காரணம் இல்லாமல் தீர்மானம் போடுகிறவனல்ல நான். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளன். சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் என் பெயர் 'சூறாவளி'. ஓட்டை உடைசல் கார்களை வாங்கி, பிரித்து, ரிப்பேர் செய்து, தெருவில் பந்தயம் விடுகிற ஆட்டம் அது. ஆட்டத்தை மேம்படுத்த ஆட்டக்காரர்களே யோசனை சொல்லலாம் என்று அந்தக் கம்பெனி அறிவித்திருந்தது. அதிகம் பேருக்குப் பிடித்த யோசனை அடுத்த பதிப்பில் சேருமாம், சொன்னவர் பெயரோடு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

யோசிக்க நிம்மதி வேண்டும். நிம்மதிக்கு ஞாயிறு வேண்டும். ஞாயிறு என் மனைவி கையில் இருந்தது. அவள் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவள். ஊரில் பாதிப் பேரை பிரேக் மிதிக்க வைத்தவள், என்னையும் சேர்த்து.

"கம்பெனியில என்னை ஆலோசகரா போட்டிருக்காங்க" என்றேன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு.

"கண்ணாடிக் கடையிலயா?"

"கார் ஆட்டக் கம்பெனி. இனிமே ஞாயித்துக்கிழமை எல்லாம் அந்த வேலைதான்."

"சம்பளம்?"

"கௌரவம்."

"அதை வெச்சு என்ன சமைக்கறது?" என்றவள், அதிசயமாகச் சண்டைக்கு வராமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சரி, என்ன ஆலோசனை சொல்லப் போறீங்க?"

"டயர் தேயவே கூடாது. ஹாரன் அடிச்சா எதிரி வண்டி தானா ஒதுங்கணும். பாலம் வந்தா கார் பறக்கணும்."

"நீங்க காரைக் கண்ணால பாத்திருக்கீங்களா?"

"என்ன கேள்வி இது?"

"இல்ல, ஆலோசகர்னா அனுபவம் வேணுமேன்னு கேட்டேன். ஷெட்டுல நிஜ வண்டி நிக்குது. அதைப் பிரிச்சுப் பாத்துட்டு எழுதுங்க. கம்பெனிக்காரன் அசந்து போயிடுவான்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அந்த வண்டி நிற்பதற்கே நான்தான் காரணம். அது கடகடவென்று சத்தம் போட்டு வழியில் நின்றபோதே மெக்கானிக்கிடம் விடலாம் என்றாள். "ஆட்டத்துல எத்தனை கார் பிரிச்சவன் நான்! எனக்கு ஒரு மெக்கானிக்கா?" என்று ஜம்பம் அடித்துத் தடுத்தேன். அன்றிலிருந்து வண்டி ஷெட்டில், அவள் பஸ்ஸில். அவளுடைய அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பஸ் போகாத ஊர். குழந்தையைப் போட்டோவில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது மாட்டேன் என்றால் ஆலோசகர் பதவி பொய் என்று ஆகிவிடும். ஞாயிறும் போய்விடும்.

ஷெட்டுக்குப் போனேன்.

ஆட்டத்தில் போல்ட்டைத் தொட்டால் போதும், தானாகச் சுழன்று வந்து மரியாதையாக அந்தரத்தில் நிற்கும். நிஜ போல்ட் அசையவே இல்லை. அசைந்தபோது என் விரல் முட்டியைப் பதம் பார்த்துவிட்டு உருண்டு வண்டிக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. ஆட்டத்து மெக்கானிக்குக்குக் கை மட்டும்தான் உண்டு. இடுப்பு என்று ஒன்று இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு பல் டாக்டர் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். திறந்திருந்த பானெட்டைப் பார்த்தார்.

"வலி எந்தப் பக்கம்னு சொல்லுதா?"

"எல்லாப் பக்கமும்தான், டாக்டர். எனக்கு."

ஆனாலும் விடவில்லை. பிளக் மாற்றினேன். பேட்டரி முனைகளைச் சுரண்டினேன். பிரேக் பேடு மாட்டினேன். எல்லாவற்றையும் முடுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினால், வண்டி கிளம்பிவிட்டது! கூடவே அந்தக் கடகடவும் கிளம்பியது.

"என்னங்க, சத்தம் அப்படியே இருக்கே?"

"அது இஞ்சினோட சுபாவம்."

"இன்னொரு தடவை பிரிச்சுப் பாக்கறீங்களா?"

"ஆராய்ச்சி முடிஞ்சுது. இனிமே எழுத்து வேலை."

"சரி, காபி கொண்டு வரேன்" என்று உள்ளே போனாள். அவள் அவ்வளவு சுலபமாக விட்டபோதே நான் பயந்திருக்க வேண்டும். காபியோடு திரும்பி வந்தாள். குடித்து முடித்துக் குனிந்தால், நான் படுத்திருந்த சாக்கின் மேல் ஒரு போல்ட்.

"இது என்னங்க?"

"ஸ்பேர்."

"ஸ்பேர் போல்ட்டை இஞ்சினுக்குள்ள வெச்சா விக்கறான்? சரி, ஒரு போல்ட் இல்லாட்டி என்ன ஆயிடப் போகுது? நான் அக்கா வீட்டுக்குக் கிளம்பறேன்."

அவள் கார் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். பாதி வழியில் ஒரு சக்கரம் மட்டும் தனியாக ஓடுவதுபோல் மனசுக்குள் படம் ஓடியது. அவள் இல்லாமல் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன்? ஓடிப் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

"அடுத்த ஞாயிறு முழுக்கப் பிரிச்சுடறேன். இறங்கும்மா!"

இறங்கினாள். கொஞ்சம் சீக்கிரமாகவே இறங்கியதாக இப்போது தோன்றுகிறது.

அந்த வாரம் முழுக்க போல்ட் என் சட்டைப்பையில் இருந்தது. கடையில் ஒரு அம்மாளுக்கு அவர் கணவரின் கண்ணாடியை மாட்டி அனுப்பினேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், என் நாற்காலி லொடுக் லொடுக்கென்று ஆடியது.

"இது ஏன் இப்படி ஆடுது?"

"மனசுல நிம்மதி இல்லாம உக்காந்தா எல்லாமே ஆடும்."

உண்மைதான் என்று நினைத்தேன். ஆடிக்கொண்டே என் யோசனையை எழுதினேன். 'ரிப்பேர் முடிந்ததும் எப்போதாவது ஒரு போல்ட் மீந்திருக்க வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்று ஆட்டம் சொல்லவே கூடாது. அப்படியே பந்தயத்துக்குப் போகிறவனே வீரன்.'

ஞாயிறு வந்தது. மறுபடி எல்லாவற்றையும் பிரித்தேன். வண்டியில் இருந்த ஒவ்வொரு ஓட்டையிலும் அந்த போல்ட்டை வைத்துப் பார்த்தேன். எதிலும் பொருந்தவில்லை. பல் டாக்டர் சுவரிலேயே குடியிருந்தார்.

"எனக்கு இப்படி ஒரு பல் மீந்தா, நான் ஊரை விட்டே போயிடுவேன்" என்று தைரியம் சொன்னார்.

கடைசி முயற்சியாக வண்டிக்கடியில் தவழ்ந்தேன். இஞ்சினுக்குக் கீழே இருந்த தகடு ஒரு பக்கம் விட்டுப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குரிய போல்ட்டெல்லாம் அதிலேயே இருந்தன, தளர்ந்துபோய். முடுக்கினேன். சாவியைத் திருப்பினேன். கடகட காணாமல் போய்விட்டது. வண்டி பூனை மாதிரி மெல்ல உறுமியது. என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. போல்ட் மட்டும் கையிலேயே இருந்தது.

உள்ளே வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தால் இன்னொரு அதிசயம். என் யோசனைதான் முதலிடம்! நிஜமாகவே கார் பிரித்தவர்களெல்லாம் 'என் வாழ்க்கையை எழுதிவிட்டாய், சூறாவளி' என்று அழுதிருந்தார்கள். அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்வதாகக் கம்பெனியும் எழுதியிருந்தது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நிஜ ஆலோசகரே ஆயிட்டீங்க! வாங்க, கிளம்பலாம். குழந்தையைப் பாத்துட்டு வந்துடலாம்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அவள் ஓட்ட, நான் பக்கத்தில். இருந்தாலும் சட்டைப்பை உறுத்தியது.

"கொஞ்சம் மெதுவாப் போம்மா. ஒரு போல்ட் இல்லாத வண்டி."

"வண்டியில எல்லாம் இருக்கு. அது உங்க நாற்காலியோடது."

"நீயா கழட்டினே?"

"மறுபடி பிரிங்கன்னு நான் சொன்னா பிரிச்சீங்களா? போல்ட் சொல்லுச்சு, உடனே பிரிச்சீங்க."

கோபப்பட முயற்சி செய்தேன். சிரிப்புதான் வந்தது. வண்டி ஓடுகிறது, யோசனை ஜெயித்தது, அடுத்த ஞாயிறாவது எனக்கே எனக்கு. சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினேன். ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. பின்னாலிருந்து கடகட என்றது.

"ஐயோ, மறுபடி சத்தம்!"

"பயப்படாதீங்க, டிக்கியில உங்க ஸ்பேனரெல்லாம் இருக்கு. அக்கா வீட்டுக்காரர் வண்டியும் நின்னு போச்சாம். ஆலோசகர் ஞாயிறு தவறாம வருவார்னு சொல்லிட்டேன்."